தேடுவார்க்கு எட்டாத கட்டுரை

2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், தமிழ்ச் சிறப்புக்கலை இறுதியாண்டு மாணவி ஒருவரின் ஆய்வேட்டைப் பரிசீலிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. கரைவலை இழுக்கும் தொழிலாளர் பாடும் அம்பாப் பாடல்கள் பற்றியதாக அவ்வாய்வு அமைந்திருந்தது. கடற்கரைக் கிராமம் ஒன்றிற் பிறந்தவராதலின், ஒருவர் முன்பாட ஏனையோர் பின்பாடும் முறையினையும், வலையின் பாரம் கூடுந்தோறும் பாட்டின் நடை மாறுமாற்றினையும் அவர் மிக நுணுக்கமாக எழுதியிருந்தார். கைகள் கயிற்றை விட்டு உழவு இயந்திரம் வலையை இழுக்கத் தொடங்கியபின் அப்பாடல்கள் கரையினின்றும் மறைந்துவரும் நிலையும் அதிற் கூறப்பட்டிருந்தது. படித்துக்கொண்டு போகையில் மகிழ்ச்சியே மேலிட்டது. ஆயின் முன்னுரையின் இரண்டாம் பக்கத்திற் காணப்பட்ட ஒரு வாக்கியம் என்னைத் திடுக்குறச் செய்தது. எமது பல்கலைக்கழகம் சார்ந்த எவரும் இப்பாடல்களை இதற்கு முன்னர் ஆராய்ந்திலர் என்பதே அவ்வாக்கியத்தின் பொருள்.

அது பிழை என்பது எனக்குத் தெரியும். 1978ஆம் ஆண்டில் எமது தமிழ்ச் சங்க ஆண்டிதழில், எனது ஆசிரியர் ஒருவர் அம்பாப் பாடல்கள் பற்றிப் பதினான்கு பக்கங் கொண்ட கட்டுரை ஒன்றினை எழுதியிருந்தார். இன்று அவர் எம்மிடையே இல்லை. அவருக்குப் பாடிக்காட்டிய முதியவர்களும் இன்றில்லை. அக்கட்டுரையினை நான் மாணவனாக இருந்த காலத்தில் நூலகத்திலே படித்திருக்கிறேன். அதுமட்டுமன்றி, 2011ஆம் ஆண்டில் ஆண்டிதழின் பழைய மலர்கள் அனைத்தையும் இணையத்தில் ஏற்றிய சிறு குழுவினுக்குத் தலைமை தாங்கியவனும் நானே. ஆகவே மாணவியை அழைத்துச் சற்றுக் கடுமையாகவே வினவினேன்.

"தேடாமல் எழுதேல்லை, சேர். எத்தினையோ விதமாத் தேடிப் பார்த்தனான். ஒண்டும் வரேல்லை," என்றார் அவர்.

நூலகத்துக்குச் சென்று மலர்களைப் புரட்டியிருக்கலாமே என்று கூற வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன். நூலகத்திலும் 1978ஆம் ஆண்டு மலரின் பிரதி கிழிந்து கட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தது. ஆண்டிதழ்கள் இணையத்தில் உள்ளன, இனி எவரும் அலையவேண்டியதில்லை என்று சங்கக் கூட்டமொன்றிற் பெருமையுடன் அறிவித்தவனும் நானே அன்றோ! அன்றிரவு எனது மேசையில் இருந்தவாறே கூகிளில் நானும் தேடினேன். அம்பா என்றும், அம்பாப் பாடல் என்றும், கரைவலை என்றும், ஆசிரியரின் பெயரைக் கொண்டும் தேடினேன். எமது தளத்தின் ஒரு பக்கமேனும் வரவில்லை. தளத்தின் முகவரியை நேரே தட்டெழுதியபோதோ, கட்டுரை இருந்த இடத்திற் பத்திரமாக இருந்தது. எட்டு ஆண்டுகளாக நாம் எல்லோரும் முகவரி அறிந்தவர்களாதலின், அதனைத் தேடவேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை போலும்.

ஒரு வலைப்பக்கம் நாம் காண்பதோடு முடிந்துவிடுவதில்லை. எச்.ரி.எம்.எல். எனப்படும் குறிமொழியில் அமைந்த அப்பக்கத்தின் தலைப்பகுதியில், திரையிலே தோன்றாத சில வரிகள் உள்ளன. அவற்றையே மெற்றாக் குறிகள் என்பர். இப்பக்கம் எவ்வெழுத்து முறையில் அமைந்தது, எது பற்றியது, தேடுபொறி இதனைத் தன் பட்டியலிற் சேர்க்கலாமா, ஆகாதா என்பன போன்ற செய்திகளை அவை இயந்திரங்களுக்குக் கூறும். 1995ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான எச்.ரி.எம்.எல். இரண்டாம் பதிப்பின் வரையறையிலேயே இக்குறிக்கு இடமுண்டு. நூலக அட்டைப் பட்டியலைப் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. இழுப்பறையில் உள்ள அட்டையை வாசகர் நூலின் பகுதியாகக் கருதுவதில்லை. எனினும் அட்டையில்லாத நூல் தட்டில் இருந்தும் இல்லாததே. சீர்காழியிற் பிறந்து, 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய எஸ். ஆர். இரங்கநாதன் 1931ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைத்தல் வேண்டும் என்பது. எனது ஆசிரியரின் கட்டுரைக்குரிய வாசகர் எனது கண்முன்னே நின்றார். இருவரையும் சேர்க்கவேண்டிய அட்டையை எழுதத் தவறியவன் நான்.

தலைப்பகுதியைத் திறந்து பார்த்தபோதுதான் எனது தவற்றின் அளவு தெரிந்தது. ரோபோற்ஸ் என்னும் பெயருடைய குறியொன்று அங்கே இருந்தது. "இப்பக்கத்தைப் பட்டியலிற் சேர்க்கற்க" என்னும் பொருளில் நோஇன்டெக்ஸ் என்ற ஒரே சொல் அதனுள் எழுதப்பட்டிருந்தது. அச்சொல்லை எழுதியது எவர் என்பதும் எனக்கு நினைவுக்கு வந்தது. 2011இல் தளம் அரைகுறையாக இருந்தபோது, பிழைகள் மலிந்த பக்கங்களை வெளியார் கண்டுவிடலாகாது என அஞ்சி, அதனை இடச்செய்தவன் நானே. வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று எண்ணினோம். வேலை முடிந்தது, விழாவும் நடந்தது, வரி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான ஒரே தலைப்பகுதிக் கோப்பினை நாம் பயன்படுத்தியிருந்தமையால், அந்த ஒரு சொல் ஆண்டிதழின் மலர்கள் அனைத்தையும் எட்டு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது. தேடுபொறியைக் குறைகூற இடமில்லை. நாம் சொன்னதை அது அப்படியே கேட்டிருக்கிறது.

இதைவிட நாணத்தை விளைத்தது அதன் கீழிருந்த வரி. திறவுச்சொற்கள் எனப்படும் கீவேர்ட்ஸ் குறிக்காக நான் இரண்டு இரவுகள் கண்விழித்தமை நினைவிலிருக்கிறது. தமிழ், இலங்கை, பல்கலைக்கழகம், இலக்கியம், நாட்டாரியல், ஆய்வு என்று ஆங்கிலத்திலே முப்பதுக்கும் மேற்பட்ட சொற்களை அடுக்கியிருந்தேன். அல்ராவிஸ்ரா போன்ற முன்னைய தேடுபொறிகள் இச்சொற்களுக்கு மதிப்பளித்த காலம் ஒன்றிருந்தது. 1990களின் பின்னரையில், பக்கத்துக்குத் தொடர்பே இல்லாத சொற்களைத் தளக்காரர் நூற்றுக்கணக்கில் அதனுள் நிரப்பினர். கண்ணுக்குத் தெரியாத இடமாதலின் பொய்யும் கூச்சமின்றி எழுதப்பட்டது. கூகிளை உருவாக்கிய சேர்ஜி பிரின், லரி பேஜ் ஆகிய இருவரும் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலேயே, பயனாளருக்குக் காட்டப்படாத எவ்வெழுத்தும் தேடுபொறியை ஏமாற்றப் பயன்படுத்தப்படுகின்றது என்று சுட்டிக்காட்டியிருந்தனர். 2009ஆம் ஆண்டு செப்டெம்பரில், பக்கங்களை வரிசைப்படுத்துவதற்குத் திறவுச்சொற் குறியினைத் தாம் கருத்திற்கொள்வதில்லை எனக் கூகிள் நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்தது. நான் கண்விழித்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் பின்னர்! பயனற்ற வரிக்கு இரண்டு இரவுகளைச் செலவிட்டு, ஆபத்தான வரியை நீக்க இரண்டு நிமிடம் ஒதுக்காதவன் என்று என்னை எவரேனும் ஏசியிருப்பின் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

நோஇன்டெக்ஸ் சொல்லை அன்றிரவே நீக்கினோம். இங்கு ஒரு செய்தியைக் கூறிச் செல்லுதல் நன்று. தேடுபொறியைத் தடுப்பதற்கு, தளத்தின் வாயிலில் வைக்கப்படும் ரோபோற்ஸ் கோப்பு என வேறொரு வழியும் உண்டு. இரண்டும் ஒன்றென மயங்குவோர் பலர். கோப்பு வாயிலை அடைத்துவிடின், இயந்திரம் பக்கத்துள் நுழையாது. நுழையாதவிடத்து உள்ளே எழுதப்பட்ட நோஇன்டெக்ஸ் சொல்லையும் அது படிக்காது. அதனால், மறைக்க விரும்பிய பக்கத்தின் முகவரி பிற தளங்களின் இணைப்புகள் வழியாகப் பட்டியலில் ஏறிவிடுதலும் உண்டு. எமது தளத்தில் வாயில் திறந்தே இருந்தது. நுழைந்தவரிடம் "திரும்பிப் போ" என்று சொல்லியனுப்பிக்கொண்டிருந்தோம்.

சில வாரங்களில் எமது பக்கங்கள் கூகிளில் தலைகாட்டத் தொடங்கின. மாணவியும் நானும் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி நெடிது நீடிக்கவில்லை. எல்லாப் பக்கங்களும் "ஹோம் பேஜ்" என்ற ஆங்கிலத் தலைப்பையே தாங்கி வந்தன. தலைப்பின் கீழே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் முறையின்றிக் கலந்த, எம்மொழியிலும் பொருள்படாத இரண்டு வரிகள். அம்பா எனத் தேடினால் இப்போதும் ஒன்றும் வரவில்லை.

இதன் காரணத்தை இலங்கையிலே தமிழில் தட்டெழுதிய எவரும் ஊகித்தறிவர். நாம் பாமினி எழுத்துருவிலே தளத்தை அமைத்திருந்தோம். அக்காலத்தில் எமது அச்சகங்களும் அலுவலகங்களும் பெரும்பாலும் அதனையே பயன்படுத்தின. பாமினியில் எழுதப்படுவது கண்ணுக்குத்தான் தமிழ். கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்தே. எழுத்துரு என்னும் போர்வையை நீக்கினால் தமிழ் மறைந்துவிடும். யூனிகோட் முறையிலே தமிழுக்கெனத் தனி இடம் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே ஒதுக்கப்பட்டிருந்தும், நாம் அதற்கு மாறாதிருந்தோம். உலாவியின் தலைப்புப் பட்டையில் பாமினிப் போர்வை ஏறாது. அங்கே தமிழ் என்று எழுதியது அலங்கோலமாகத் தெரிந்தமையாலேயே, எல்லாப் பக்கங்களுக்கும் ஆங்கிலத்தில் "ஹோம் பேஜ்" என்று இட்டுவைத்தோம். இச்செயல் அன்று எமக்குச் சாமர்த்தியமாகத் தோன்றியது.

கட்டுரைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பழைய மலர்களின் பக்கங்களை நாம் படமாகப் பிடித்து ஏற்றியிருந்தோம். மனிதக் கண்ணுக்கு அங்கே அச்செழுத்து உண்டு. தேடுபொறிக்கோ அது வெறும் படம். எனவே ஒவ்வொரு கட்டுரைக்கும் அதன் பக்கத்தில் எழுத்தாக இருக்கக்கூடியவை தலைப்பும் விளக்கமும் மட்டுமே. அவையும் இல்லை. இருந்திருந்தாலும், எனது ஆசிரியரின் கட்டுரைக்கு "அலையும் உழைப்பும்" என்பதே தலைப்பு. அம்பா என்ற சொல் தலைப்பில் இல்லை. அக்காலக் கட்டுரையாளர் பலர் இவ்வாறே பொருளை நேரே கூறாது குறிப்பாற் பெயரிடுவதில் இன்பங் கண்டனர். மலரைக் கையிலே வைத்திருப்பவருக்கு அது சுவை. தேடி வருபவருக்கோ அடைத்த கதவு.

விடுமுறையில் மூன்று மாணவரைச் சேர்த்துக்கொண்டு தலைப்பகுதியைத் திருத்தி எழுதத் தொடங்கினோம். எழுத்து முறை யூரிஎப்-8 எனக் குறித்தோம். பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றினோம். கைத்தொலைபேசியின் சிறு திரைக்கேற்பப் பக்கம் விரிவதற்கான குறியையும் சேர்த்தோம். இவை ஒருநாள் வேலை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனித் தலைப்பு இடுவதிலேயே உண்மையான உழைப்பு இருந்தது. தலைப்பினை மெற்றாக் குறி என்று சிலர் வழங்கினும், முறைப்படி அது வேறொரு கூறாகும். பயனை நோக்கின் அதுவே முதலிடம் பெறவேண்டியது. தேடல் முடிவிற் பெரிய எழுத்தில் தோன்றுவது பெரும்பாலும் அதுவே. "அலையும் உழைப்பும்: கரைவலை அம்பாப் பாடல்கள்" என ஆசிரியரின் தலைப்பைக் காத்து, அதன் பக்கத்தில் பொருளை நிறுத்தினோம். ஆசிரியரின் பெயரும் 1978 என்ற ஆண்டும் அதனைத் தொடர்ந்தன.

விளக்கக் குறி எனக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்தது. டெஸ்கிரிப்ஷன் எனப்படும் இவ்விளக்கத்தைக் கூகிள் பக்கத்தின் வரிசையை உயர்த்தப் பயன்படுத்துவதில்லை. தேடுபவரின் கண்முன்னே, தலைப்பின் கீழ், அதனைக் காட்டக்கூடும். பக்கத்தில் உள்ள வேறொரு பகுதி பொருத்தமெனத் தோன்றின் அதனையே எடுத்துக் காட்டுதலும் உண்டு. நீண்ட விளக்கம் வெட்டப்பட்டுவிடும். ஆகவே இரண்டு சிறிய வாக்கியங்களிற் கட்டுரையின் உயிரைச் சொல்லவேண்டும். பதினான்கு பக்கக் கட்டுரையை இரண்டு வாக்கியத்திற் கூறுவது எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தவரே அறிவர். கட்டுரையை முற்றாகப் படிக்காமல் அவ்விரு வாக்கியங்களை எழுதவே முடியாது. எமது குழுவினர் ஆண்டிதழின் பழைய கட்டுரைகளை உண்மையிலே படித்தது அவ்விடுமுறையிலேதான். பரீட்சைக்காகவன்றி, விளக்கம் எழுதுவதற்காகப் படித்தார்கள்.

எனது ஆசிரியரின் கட்டுரைக்கான விளக்கத்தை நானே எழுதினேன். முதலில் எழுதியது "ஈழத்து அம்பாப் பாடல்களை முதன்முதலாக ஆராயும் கட்டுரை" என்று தொடங்கியது. மாணவி அதனைப் பார்த்துவிட்டு, "முதன்முதலா எண்டு அவர் எழுதியிருக்கிறாரோ, சேர்?" என்று கேட்டார். அவர் எழுதவில்லை. எவர் முன்னர் ஆராய்ந்தனர், எவர் ஆராயவில்லை என்பதை நானும் தேடிப் பார்த்தவனல்லன். எந்த வாக்கியத்துக்காக அம்மாணவியைக் கடிந்தேனோ, அதே வாக்கியத்தைக் குருபக்தியின் பெயரால் நான் எழுதியிருந்தேன். அதனை அழித்துவிட்டு, எக்கரைகளிற் பாடல்கள் சேகரிக்கப்பட்டன, எத்தனை பாடல்கள் தரப்பட்டுள்ளன, வலையிழுப்பின் எக்கட்டங்களோடு அவை தொடர்புபடுத்தப்பட்டுள்ளன என்பவற்றை மட்டும் எழுதினேன்.

தமிழிலே இப்பணிக்குத் தனித்த சிக்கல்களும் உள. யாம் நாட்டார் பாடல் என்போம், தமிழகத்தார் நாட்டுப்புறப் பாடல் என்பர். யாம் ஆய்வேடு என்று பொதுவாக எழுதுவதை, ஒருவர் ஆங்கிலச் சொல்லாலேயே தேடுவார். அம்பாப்பாடல் என்று சேர்த்தெழுதுவாரும் அம்பா பாடல் என்று ஒற்றின்றி எழுதுவாரும் உளர். பிறமொழிப் பெயர்களிலோ, றகரமும் ரகரமும் டகரமும் கடலுக்கு இருமருங்கும் வெவ்வேறாக ஒலிக்கின்றன. அயலகத்தில் வளர்ந்த எம்மவர் பிள்ளைகள் உரோமன் எழுத்திலே தட்டெழுதித் தேடுகின்றனர். இவ்வேறுபாடுகளைத் திறவுச்சொற் குறியினுள் அடுக்கிப் பயனில்லை என்பது கூறப்பட்டது. விளக்கத்திலும், பக்கத்தின் மேல் நாம் வைத்த சிறிய அறிமுகப் பந்தியிலும், நாட்டார் பாடல் என ஓரிடத்தும் நாட்டுப்புறப் பாடல் என வேறோரிடத்தும் இயல்பாக வருமாறு எழுதினோம். கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் உள்ளதே இயந்திரத்தின் நம்பிக்கையைப் பெறுகின்றது. அது முறையானதே என்பது எனது எண்ணம்.

இக்காலத்திலே ஒருவர் எம்மைத் தேடிவந்து, குறிகளைத் தாம் அமைத்துத் தந்தால் எமது தளத்தை எத்தேடலிலும் முதற் பக்கத்தில் நிறுத்துவதாக உறுதி கூறி, அதற்கொரு தொகையும் கேட்டார். எத்தேடலிலும் முதற் பக்கத்தில் நிற்கவேண்டிய தேவை ஓர் ஆண்டிதழுக்கு இல்லை என்று கூறி அனுப்பினோம். அம்பாவைத் தேடுபவருக்கு அம்பா கிடைத்தாற் போதும்.

ஆய்வாளருக்கென 2004ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பட்ட கூகிள் ஸ்கொலர் தேடலுக்கு வேறு வகைக் குறிகள் வேண்டும். ஹைவயர் பிரெஸ் முறை எனப்படும் அவற்றிற் கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயர், வெளியான காலம் ஆகிய மூன்றும் கட்டாயமானவை. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் குறிகளே இல்லாத பக்கம் போன்றே அது கருதப்படும். ஆசிரியர் பெயரில் நாம் இடர்ப்பட்டோம். புனைபெயரில் எழுதியவர், முதலெழுத்து மட்டும் இட்டவர், ஒரு மலரில் ஊர்ப்பெயருடனும் மறு மலரில் அஃதின்றியும் எழுதியவர் எனப் பலவகையினர். 1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரிற் கூடிய நூலகரும் கணினியியலாளரும் வித்திட்ட டப்ளின் கோர் முறையிலும் ஆக்கியோன் என்பது ஒரு கூறு. ஆயின் அவர் யார் என்பதைக் கண்டறிந்து நிரப்பும் பொறுப்பு எம்முறையிலும் மனிதரையே சாரும். பழைய மாணவர் பலருக்குத் தொலைபேசி எடுத்தோம். தமது பெயர் கேட்கப்பட்டதும் மறுமுனையில் நெடுநேரம் மௌனமாயிருந்தவரும் உளர்.

படமாக மட்டும் இருந்த எனது ஆசிரியரின் கட்டுரையை மாணவியே முழுவதும் தட்டெழுதினார். அதனிடையே, தமது பாட்டனாரின் கரையிற் பாடப்பட்ட பாடலொன்றின் வேறொரு வடிவம் 1978ஆம் ஆண்டிலேயே அச்சேறியிருப்பதை அவர் கண்டார். தாம் கேட்ட வடிவத்தில் இல்லாத இரண்டு அடிகள் அதில் இருந்தன. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை அவர் மீண்டும் எழுதவேண்டியதாயிற்று. முன்னுரையின் அவ்வாக்கியம் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் எனது ஆசிரியரின் பெயர் வந்தது.

ஆண்டின் இறுதியில், பழக்கத்தின் காரணமாக, மீண்டும் ஒருமுறை தேடிப் பார்த்தேன். அம்பாப் பாடல் எனத் தட்டெழுதியதும் எமது பக்கம் நான்காவதாக வந்தது. தலைப்பின் கீழே நான் எழுதிய விளக்கத்தைக் காணவில்லை. மாணவி தட்டெழுதிய கட்டுரையின் நடுவிலிருந்து, பாடிய முதியவர் ஒருவரின் கை வலைக்கயிற்றில் இருந்ததைக் கூறும் ஆசிரியரின் வாக்கியம் ஒன்றைக் கூகிள் தானே தெரிந்தெடுத்து இட்டிருந்தது. எனது இரண்டு வாக்கியங்களைவிட அது நன்றாகவே இருந்தது.

1983ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மலர்களுள் இன்னும் நாற்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் விளக்கம் எழுதப்படாமல் உள்ளன. அவற்றுள் இரண்டிற்கு முதற் பக்கமே கிடைக்கவில்லை. அவ்விரண்டையும் எழுதியவர் யாரென அறிந்தவர் இவ்விதழைப் படிப்பாராயின், சங்கத்துக்கு ஒரு வரி எழுதுமாறு வேண்டுகிறேன்.